வார இறுதி வழிகள் – 14: ருசிக்குக் காவல் வாடிக்கை

சனிக்கிழமை காலையில் வண்டியை எடுக்கும்போதே எழுகிற கேள்வி, "அந்த ஊர்ல எந்தக் கடை ஃபேமஸ்?" என்பதுதான். கைப்பேசியில் தேடினால் பத்துப் பெயர்கள் வந்து விழும். நட்சத்திரங்களும் படங்களும் கூடவே வரும். அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம். எந்தக் கடைக்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்? நல்ல உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு வழிகாட்டும் கேள்வி இது. மண்வாகு, தண்ணீர், பரம்பரைக் கைப்பக்குவம் என்று ருசிக்குப் பல காரணங்கள் சொல்கிறோம். அவை ருசியை உண்டாக்கலாம். ஆனால் நேற்று வாங்கியவர் நாளையும் வருவார், குறை இருந்தால் முகத்துக்கு நேரே கேட்பார் என்கிற பயம் இருந்தால்தான் அந்த ருசி நிலைத்து நிற்கும்.

கோவில்பட்டி கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். நிலக்கடலையும் வெல்லமும்தான் முக்கியச் சரக்கு. மேலே வண்ணமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவுவார்கள். சரக்கு இவ்வளவு குறைவாக இருப்பதால் பிழையை மறைக்க இடமே இல்லை. கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி உருளையால் தேய்த்து, துண்டு போட வேண்டும். பாகு பதத்துக்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும். பதம் தாண்டினால் கசக்கும். கடலை பழசானால் காறல் அடிக்கும். ஈரக்காற்றுப் பட்டால் துண்டு பிசுபிசுத்து நமுத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை பொட்டலம் வாங்கிப் போகிறவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகுதான் இதையெல்லாம் அறிவார், அறிந்தும் பயனில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அடிக்கடி வாங்கும் கோவில்பட்டித் தாய், ஒரு தடவை காறல் அடித்தாலே கடையை மாற்றிவிடுவார். கடைக்காரரைக் கவனமாக வைத்திருப்பது அந்தத் தாய்தான்.

திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பார்கள். தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் அதே ஊரில் சுமாரான அல்வாவும் விற்கத்தான் செய்கிறது. மூலப்பொருளான கோதுமையோ நெல்லைச் சீமையில் விளைவதில்லை. அதை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, கை ஓயாமல் கிண்டும் உழைப்பு ஊருடையது. அதை அன்றாடம் சோதிக்கும் நாக்குகளும் ஊருடையவை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். சூடான அல்வாவை இலையில் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போகிறவர்கள் அந்த வாசலில் உண்டு. வாங்குகிறவர் விற்கிறவரின் கண்முன்னாலேயே ருசி பார்க்கிற வியாபாரத்தில் ஏமாற்றுவது கடினம்.

ஊட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடைத்தெருவில் 'ஹோம்மேட் சாக்லேட்' அடுக்குகள் கண்ணைப் பறிக்கின்றன. கோகோ அந்தக் குளிரில் விளைவதில்லை. தமிழகத்தில் அது பொள்ளாச்சி போன்ற சமவெளித் தென்னந்தோப்புகளில்தான் ஊடுபயிராக வளர்கிறது. அந்தச் சாக்லேட் அடுக்குகளுக்குப் பக்கத்திலேயே, மைதா மாவை மடித்து மடித்து அடுப்பில் சுட்ட வர்க்கி கிடைக்கிறது. மைதாவும் மலையில் விளைந்ததல்ல. மூலப்பொருள் இரண்டுக்குமே வெளியூர்தான் என்றால், வர்க்கியை மட்டும் நாம் ஊட்டியின் பண்டம் என்று உணர்வது ஏன்? ஊட்டி, குன்னூர் வீடுகளிலும் டீக்கடைகளிலும் அன்றாடம் டீயோடு கடித்துத் தின்னும் பண்டம் அது. சாக்லேட்டை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே மலையிறங்கிவிடுகிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தை வாங்குகிறவர்களில் பெரும்பகுதி வெளியூர் பக்தர்கள்தானே, அதன் பெயர் கெடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தை வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். ஆனால் புதியவர்கள் அல்லர். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் காவடி எடுத்துப் பாதயாத்திரை வருகிறவர்களுக்கும், தலைமுறை தலைமுறையாக முடி இறக்க வருகிற குடும்பங்களுக்கும் வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்த ருசி மனப்பாடம். ஆக, எந்த ஊரில் பிறந்தவர் என்பது கணக்கில்லை. திரும்பி வருகிறாரா என்பதே கணக்கு. வெளியூர்ப் பயணிக்கும் வாடிக்கையாளராகும் வாய்ப்பு உண்டு என்பதைப் பழனியே காட்டுகிறது.

நட்சத்திர மதிப்பெண்ணும் பலர் சாப்பிட்டுச் சொன்ன தீர்ப்புதானே என்று இன்னொருவர் கேட்கலாம். தீர்ப்புதான். ஆனால் அது பெரும்பாலும் ஒருமுறை வந்து போனவர்களின் தீர்ப்பு. பத்து ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர் அதே கடைக்கு உட்கார்ந்து மதிப்பெண் எழுதுவது அரிது. சுத்தம், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் புறவழிச்சாலை உணவகத்தில்தானே இருக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் அங்கே நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தி இளைப்பாறிவிட்டு, சாப்பாட்டுக்கு ஊருக்குள் போகலாம். நான்குவழிச்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் கோவில்பட்டியையும் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. எண்ணெய்ப் பரோட்டாவும் காராச்சேவும் கடலைமிட்டாயும் பேர் வாங்கியது ஊருக்குள் இருக்கும் கடைத்தெருக்களில். சில கிலோமீட்டர் திரும்பினால் போதும்.

நாம் கூட்டமாகப் போனால் அந்தக் கடைகளும் கெட்டுவிடாதா என்ற கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கெடும், நம் வசதிக்காக ஊரை வளைத்தால். மாலையில் கல் சூடேறும் பரோட்டாக் கடையை மதியமே திறக்கச் சொன்னால், சில நாளில் தின்ன வேண்டிய பால்கோவா மாதக்கணக்கில் தாங்க வேண்டும் என்றால், கடைக்காரர் நமக்காகப் பக்குவத்தை மாற்றுவார். நாள்பட இருக்க வேண்டுமானால் சர்க்கரை கூடும், ஈரம் குறையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இலையில் வாங்கித் தின்கிற பதம் போய்விடும். ஊரின் நேரத்துக்குப் போய், தின்கிற அளவுக்கு மட்டும் வாங்கி, அங்கேயே சாப்பிடுகிற பயணியால் கெடுதல் குறைவு.

தொலைதூரச் சுற்றுலாவுக்கு இல்லாத பலம் வார இறுதிப் பயணத்துக்கு இருப்பது இதனால்தான். மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள ஊருக்கு மறுபடி போக முடியும். ஆண்டுக்குப் பத்துப் புது ஊர்களைப் பட்டியலில் சேர்ப்பதைவிட, இரண்டு மூன்று ஊர்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை போவது மேல். இரண்டாம் முறை போகும்போது கடைக்காரருக்கு முகம் தெரியும். மூன்றாம் முறை, "போன தடவை பாகு முத்திடுச்சுண்ணே" என்று சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தொடங்கும்போது, ஊரின் ருசியைக் காப்பவர்களில் நீங்களும் ஒருவர்.

(பயணம் தொடரும்)