பூச்சிமருந்து டின்னை ஏன் கேட்கிறார்கள்?

மருந்து அடிக்கும் தோழர்களே! பூச்சிமருந்து உடம்புக்குள் போய் ஒருவர் மூச்சுத் திணறினால், ஆம்புலன்சோடு வரும் டாக்டர் வழியிலேயே தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு கொடுக்க வேண்டி வரலாம். அதற்கு மயக்க மருந்தோடு, தசையைத் தளர்த்தும் ஊசியும் போடுவார்.

இதில் இரண்டு மருந்துகள் உண்டு. சக்ஸமெத்தோனியம் 1 நிமிடத்தில் பிடிக்கும். சுமார் 10 நிமிடத்தில் தெளிந்துவிடும். ரோக்குரோனியமும் கூடுதல் அளவில் போட்டால் அதே வேகம்தான். ஆனால் 1 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். சீக்கிரம் தெளிவதுதானே நல்லது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சங்கதி என்னவென்றால், சக்ஸமெத்தோனியத்தைக் கரைப்பது நம் ரத்தத்திலுள்ள ஒரு என்சைம். மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த என்சைமையே முடக்கிவிடும். அப்புறம் 10 நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும். அதனால் இப்படிப்பட்டவருக்கு ரோக்குரோனியம்தான் தோது.

எந்த விஷமென்று தெரிந்தால்தானே டாக்டர் தேர்ந்தெடுக்க முடியும்? 999-க்குப் போன் போடும்போதே டின்னிலுள்ள பெயரைப் படித்துச் சொல்லுங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஆளோடு அனுப்புங்கள். வேறு போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கிராணி ஏசுவாரே என்று மறைக்காதீர்கள்.