ஜெர்மன் மாதரும் கால்பந்தும்

ஜெர்மனி தேசத்து மாதர் கால்பந்துக் கோஷ்டி ஐரோப்பியக் கோப்பையை எட்டுத் தடவையும், உலகக் கோப்பையை இரண்டு தடவையும், ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை ஒரு தடவையும் ஜயித்திருக்கிறது. ஐரோப்பாவில் வேறெந்த தேசத்து மாதரும் ஐரோப்பியக் கோப்பையை இத்தனை முறை கைப்பற்றியதில்லை. இவ்வளவும் பந்தாட்டப் பிரியர்கள் அறிந்ததே. ஆனால், இந்த ஆட்டத்தை ஆடுவதற்கே அத்தேசத்து ஸ்திரீகளுக்குப் பதினைந்து வருஷ காலம் தடை இருந்தது என்பதும், அத்தடையை மீறியே இவர்களுடைய முன்னோடிகள் பந்தை உதைத்தார்கள் என்பதும் நம்மவரில் பலருக்குத் தெரியாத விஷயம். தடையுத்தரவு, அதை மீறுதல் என்ற இரண்டு சொற்களுக்கும் நம் தேசத்தாருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இக்கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

1930-ம் வருஷத்தில் பிராங்க்பர்ட் நகரத்தில் லோட்டே ஷ்பெக்ட் என்ற யுவதி பத்திரிகையில் விளம்பரம் செய்து, பெண்களுக்கென்றே ஒரு கால்பந்துச் சங்கத்தை ஸ்தாபித்தாள். அவள் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள். மைதானத்துக்கு வந்தவர்கள் பரிகசித்தார்கள். கல் எறிந்தவர்களும் உண்டு. பத்திரிகைகளோ கேலி எழுதின. அடுத்த வருஷமே சங்கம் கலைந்தது. பிறகு ஹிட்லர் ஆட்சி வந்தது. வீட்டுக்குள் அடங்கிப் பிள்ளை பெறுவதே ஸ்திரீ தர்மம் என்று போதித்த அந்த ஆட்சியில் பெண்கள் பந்தாட்டத்துக்கு இடம் ஏது?

யுத்தம் முடிந்தது. தேசம் இரு கூறாயிற்று. மேற்கு ஜெர்மனி 1949-ல் இயற்றிக்கொண்ட அரசியல் சட்டத்தில், ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர் என்ற வாசகம் மூன்றாவது ஷரத்திலேயே பொறிக்கப்பட்டது. அதைச் சேர்ப்பதற்காக எலிசபெத் ஸெல்பர்ட் என்ற அம்மையார் விடாப்பிடியாகப் போராட வேண்டியிருந்தது. நிற்க, 1954-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மேற்கு ஜெர்மன் ஆண்கள் ஹங்கேரியை 3-2 என்ற கணக்கில் தோற்கடித்து உலகக் கோப்பையைப் பெற்றார்கள். தோல்வியாலும் அவமானத்தாலும் குன்றியிருந்த ஜனங்கள் தெருவெங்கும் கூத்தாடினார்கள். அந்த உற்சாகம் பெண்களையும் பற்றிக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பிரதேசத்தில், தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கோஷ்டி கோஷ்டியாகப் பந்தாடக் கிளம்பினார்கள்.

தேசத்து மானத்தைக் காத்த ஆட்டம் என்று எல்லோரும் போற்றிய ஆட்டத்தைப் பெண்களும் ஆட வந்தால், சங்கத் தலைவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. மறு வருஷம், 1955 ஜூலை 30-ந் தேதி, ஜெர்மன் கால்பந்துச் சங்கம் பெர்லினில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சங்கத்தில் சேர்ந்த எந்தக் கிளப்பும் பெண்கள் கோஷ்டி வைத்துக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கு மைதானம் கொடுக்கக் கூடாது. சங்கத்து நடுவர்கள் அவர்களுடைய ஆட்டத்துக்குப் போகக் கூடாது. பந்துக்காகப் போராடுவதில் ஸ்திரீகளுக்குரிய நளினம் அழிந்துவிடும் என்றும், உடலுக்கும் ஆத்மாவுக்கும் கேடு விளையும் என்றும் காரணம் கூறினார்கள். ஆத்மாவைப் பற்றிக் கவலைப்படும் பந்தாட்டச் சங்கம் உலகில் வேறெங்கேனும் உண்டா என்று நாம் அறியோம்.

இதற்குச் சாஸ்திரீய ஆதாரமும் கிடைத்தது! பாய்டன்டைக் என்ற டச்சு அறிஞர் இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நூல் எழுதியிருந்தார். உதைப்பது ஆணின் இயல்பு, உதைக்காதிருப்பது பெண்ணின் இயல்பு என்பது அவருடைய சித்தாந்தம். இதே பெண்கள் யுத்த காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்தபோதும், யுத்தம் முடிந்தபின் இடிந்த நகரங்களின் செங்கல்லையும் கருங்கல்லையும் கையால் அகற்றியபோதும், அவர்களுடைய நளினத்தைப் பற்றி எந்த அறிஞரும் நூல் எழுதியதாகக் காணோம். கல் சுமக்கலாம், பந்து உதைக்கக் கூடாது. இதுதான் நியாயம் போலும்! ஜெர்மானியரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. தர்ம ஆட்டங்கள் ஆடிப் பணம் திரட்டிய பெண்களை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-லேயே தன் மைதானங்களிலிருந்து விரட்டியது. பிரேஸில் சர்க்கார் 1941-ல் சட்டமே செய்தார்கள்.

ஜெர்மன் பெண்கள் தடைக்குப் பணிந்தார்களா? இல்லை. 1956-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி, எஸ்ஸன் நகரத்தில், மத்தியாஸ் ஷ்டின்னஸ் என்ற சுரங்கத்தின் பெயர் தாங்கிய மைதானத்தில், ஜெர்மன் மாதரும் டச்சு மாதரும் மோதினார்கள். சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. ஆயினும் 18,000 ஜனங்கள் பார்க்க வந்தார்கள். ஜெர்மன் மாதர் 2-1 என்று ஜயித்தார்கள். மறு வருஷம் மியூனிக் நகரசபை, சங்கத்தின் ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல், தனக்குச் சொந்தமான மைதானத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. சங்கத்துக்கு அடங்கிய கிளப்புகளின் மைதானத்தைத்தானே சங்கம் பூட்ட முடியும்? ஊராரின் மைதானத்தை எப்படிப் பூட்டும்? 1956 முதல் சுமார் பத்து வருஷ காலத்தில் இவ்விதம் அங்கீகாரமற்ற சர்வதேச ஆட்டங்கள் ஏறக்குறைய 150 நடந்தன. அவற்றில் ஒன்றேனும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. அவற்றை ஆடியவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை.

கடைசியில் 1970-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, டிராவமுண்டே என்ற கடற்கரை ஊரில் கூடிய மகாநாட்டில் சங்கத்தார் தடையை ரத்து செய்தார்கள். மனம் மாறிச் செய்ததாக நாம் எண்ணவில்லை. அந்த வருஷம் இத்தாலியில் மாதருக்கென்று ஓர் உலகப் போட்டியைத் தனிப்பட்டவர்கள் நடத்தினார்கள்; அதில் ஜெர்மன் கோஷ்டி ஒன்றும் கலந்துகொண்டது. பெண்கள் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டால் தங்கள் அதிகாரம் போய்விடுமே என்ற பயமே தலைவர்களை இளக்கியது. அதிகாரத்தில் இருப்போர் எதையும் கொடுப்பது பெரும்பாலும் இந்த முறையில்தான். கொடுத்ததையும் முழுமனதோடு கொடுத்தார்களா? பந்து சிறியதாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும். ஆட்ட நேரம் ஆண்களுடையதைவிடக் குறைவு. ஆணி பதித்த பூட்ஸ் அணியக் கூடாது. குளிர்காலத்தில் ஆறு மாதம் ஆடவே கூடாது. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் பாதி சாத்திய கதைதான்.

தடை நீங்கிப் பதினோரு வருஷமாகியும் தேசியக் கோஷ்டி ஒன்று ஏற்படவில்லை. 1981-ல் தைவானில் நடந்த சர்வதேச மாதர் போட்டிக்கு ஜெர்மனிக்கு அழைப்பு வந்தபோது, அனுப்புவதற்குக் கோஷ்டி இல்லை. பெர்கிஷ் கிளாட்பாக் என்ற நகரத்துக் கிளப்பின் பெண்கள், தாங்களே பணம் திரட்டிக்கொண்டு தைப்பே நகரத்துக்குப் போய், கோப்பையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு சங்கம் சும்மா இருக்க முடியுமா? 1982 நவம்பர் 10-ந் தேதி கோப்லென்ஸ் நகரில் ஜெர்மன் மாதரின் முதல் அங்கீகாரம் பெற்ற ஆட்டம் நடந்தது. ஸ்விட்சர்லாந்தை 5-1 என்று தோற்கடித்தார்கள். அன்று பதினெட்டு வயதான ஸில்வியா நைட் இரண்டு கோல் போட்டாள். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

1989-ல் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக் கட்டம் மேற்கு ஜெர்மனியிலேயே நடந்தது. ஸீகன் நகரில் இத்தாலியோடு அரை இறுதி ஆட்டம். அதுதான் ஜெர்மன் டெலிவிஷன் நேரடியாகக் காட்டிய முதல் மாதர் ஆட்டம். 1-1 என்று சமமாகி, பெனால்ட்டி உதைகளில் முடிவு காண வேண்டியதாயிற்று. கோல் காத்த மரியான் இஸ்பர்ட் மூன்று உதைகளைத் தடுத்தாள். தடுத்ததோடு நில்லாமல், கடைசி உதையைத் தானே உதைத்து ஆட்டத்தை முடித்தாள். ஜூலை 2-ந் தேதி ஆஸ்னாபுரூக்கில், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில், பலம் வாய்ந்த நார்வேயை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள்.

இந்த வெற்றிக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அளித்த வெகுமதி என்ன தெரியுமா? ஒவ்வொரு வீராங்கனைக்கும், பூப்போட்ட காப்பிக் கோப்பைகளும் தட்டுகளும் அடங்கிய ஒரு பீங்கான் ஸெட்! மறு வருஷம் உலகக் கோப்பையை ஜயித்த ஆண்களுக்குத் தலைக்கு 1,25,000 மார்க். பணத்தின் வித்தியாசம் இருக்கட்டும். ஐரோப்பாவையே வென்று வந்த பெண்ணிடம் காப்பிக் கோப்பையை நீட்டுவது, 'நீ போக வேண்டிய இடம் சமையலறை' என்று சொல்லாமல் சொல்வதல்லவா? அந்தப் பீங்கான் ஸெட் இப்போது டார்ட்மண்டு நகரத்துக் கால்பந்துக் கண்காட்சிசாலையில் இருக்கிறது. அதை அங்கே வைத்தவர்கள் புத்திசாலிகள்.

கிழக்கு ஜெர்மனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமத்துவத்தை வாய் ஓயாமல் பேசிய அந்த ராஜ்யம் பெண்கள் பந்தாடுவதைத் தடுக்கவில்லை; ஆனால் ஒலிம்பிக் பதக்கம் தராத ஆட்டம் என்பதால் ஆதரிக்கவும் இல்லை. அத்தேசத்து மாதர் தேசியக் கோஷ்டி தன் ஆயுளில் ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்று. 1990 மே 9-ந் தேதி போட்ஸ்டாமில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 என்று தோற்றது. அந்த அக்டோபரில் ராஜ்யமே மறைந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1991-லும் ஐரோப்பியக் கோப்பை. 1995 முதல் 2013 வரை தொடர்ந்து ஆறு தடவை அதே கோப்பை. 2003-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முந்திக்கொண்டது; மரேன் மைனர்ட் சமன் செய்தாள்; கூடுதல் நேரத்தில், 98-வது நிமிஷத்தில், மாற்று ஆட்டக்காரியாக வந்த நியா கியூன்ஸர் தலையால் முட்டிப் போட்ட கோல் உலகக் கோப்பையைத் தந்தது. பயிற்சியளித்தவரும் டீனா டாய்ன-மையர் என்ற அம்மையாரே. 2007-ல் ஷாங்காயில் பிரேஸிலை 2-0 என்று வென்றார்கள். அந்தப் போட்டி முழுவதிலும் அவர்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை. பிரேஸிலின் மார்த்தா உதைத்த பெனால்ட்டியையே நடின் ஆங்கரர் தடுத்துவிட்டாள். அப்போது பயிற்சியளித்தவர் யார்? கோப்லென்ஸில் இரண்டு கோல் போட்ட அதே ஸில்வியா நைட். 2016-ல் ரியோ நகரில் ஒலிம்பிக் தங்கத்தையும் பெற்றுத் தந்துவிட்டு அவர் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பின் இறங்குமுகம். 2011-ல் சொந்த தேசத்திலேயே ஜப்பானிடம் தோற்றது ஒரு எச்சரிக்கை. 2017-ல் டென்மார்க்கிடமும் 2019-ல் ஸ்வீடனிடமும் கால் இறுதியில் தோல்வி. 2022-ல் வெம்ப்ளி மைதானத்தில், 87,192 ஜனங்கள் முன்னிலையில், இங்கிலாந்திடம் 1-2 என்று ஐரோப்பியக் கோப்பையை இழந்தார்கள். அதுவரை ஐந்து ஆட்டங்களிலும் கோல் போட்டிருந்த அலெக்ஸாண்ட்ரா பாப் ஆட்டம் தொடங்குமுன் காயமுற்றது துரதிர்ஷ்டம். 2023 உலகப் போட்டியிலோ முதல் முறையாக முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய தேசங்கள் பெண்கள் ஆட்டத்துக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கியபின், பழைய கீர்த்தி மட்டும் கோல் போட்டுவிடாது.

இனிப் பண விஷயம். 2022 ஐரோப்பியக் கோப்பையை வென்றால் பெண்களுக்குத் தலைக்கு 60,000 யூரோ என்று சங்கம் வாக்களித்தது. அதற்கு முந்தைய வருஷம் ஆண்களுக்கு வாக்களித்தது 4 லட்சம் யூரோ. பிரதம மந்திரி ஓலாப் ஷோல்ட்ஸே சம ஊதியம் வேண்டுமென்று பகிரங்கமாகச் சொன்னார். ஆண்கள் ஆட்டத்தில்தானே வருமானம் அதிகம், வருமானத்துக்குத் தக்கபடிதானே வெகுமதி என்று எதிர்வாதம் கிளம்பியது. வியாபார நியாயமாகப் பார்த்தால் இந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவனுடைய கடையைப் பதினைந்து வருஷம் பூட்டி வைத்துவிட்டு, பிறகு பாதிக் கதவைத் திறந்துவிட்டு, 'உனக்கு ஏன் விற்பனை குறைவு?' என்று பூட்டினவனே கேட்கலாமா? எஸ்ஸனில் 18,000 பேர் கூடிய ஆட்டத்தை வளரவிட்டிருந்தால் இன்று வருமானம் என்னவாக இருந்திருக்கும்? ஜனங்களுக்கு ருசியில்லை என்பதும் பொய். 2022 இறுதி ஆட்டத்தை ஜெர்மனியில் டெலிவிஷனில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 79 லட்சம் பேர். 2025-ல் சங்கம் வெகுமதியை 1,20,000 யூரோவாக உயர்த்தியது. சமத்துவத்துக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் காப்பிக் கோப்பையிலிருந்து வெகு தூரம் வந்தாகிவிட்டது.

அந்த 1,20,000-ஐ அவர்கள் வாங்கவில்லை. 2025 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், பிரான்ஸுக்கு எதிரான கால் இறுதி ஆட்டத்தின் 13-வது நிமிஷத்திலேயே ஒரு ஆட்டக்காரி வெளியேற்றப்பட்டாள். மிச்சமிருந்த பத்துப் பேரும், பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு சமன் செய்து, கூடுதல் நேரமும் தாக்குப் பிடித்து, 1-1 என்று பெனால்ட்டி உதைகள் வரை இழுத்துச் சென்றார்கள். கோல் காத்தவள் ஆன்-காட்ரின் பெர்கர். இரண்டு முறை புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவள். அவள் இரண்டு உதைகளைத் தடுத்தாள். 1989-ல் இஸ்பர்ட் செய்தது போலவே தானும் ஒன்றை உதைத்துக் கோலாக்கினாள். 6-5 என்று ஜெர்மனி ஜயித்தது. நான்கு நாட்களுக்குப் பின் ஜூரிச் நகரில் ஸ்பெயின் மாதர் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோல் போட்டு அவர்களை ஊருக்கு அனுப்பினார்கள்.