காயத்துக்கு ஒரு பஞ்சு மிட்டாய் கட்டு!

பௌர்ணமி சாயங்காலம் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் இறங்கி, 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம். மறுநாள் அப்பாவின் உள்ளங்காலில் ஒரு கொப்புளம். "இதெல்லாம் ஒரு விஷயமாடா, தானா ஆறிடும்" என்பார். மற்றவர்களுக்கு ஆறிவிடும். சர்க்கரை இருப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. நரம்பு மரத்துப்போயிருந்தால் வலியே தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி உள்ளே இறங்கினால் விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டிவரும்.

இப்படி ஆறாத புண்களுக்காக உலகம் முழுக்க விஞ்ஞானிகள் நூற்றுக்கொண்டிருப்பதுதான் நானோ இழை. நம்ம தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் நானோ இழை ஆய்வு நடக்கிறது.

தீபத் திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. (சர்க்கரை நோய்க்கு இதுவா உதாரணம் என்று திட்டாதீங்க!) அங்கே பாகை நூலாக்குவது சுழற்சி, இங்கே மின்சாரம். இதற்குப் பெயர் எலெக்ட்ரோஸ்பின்னிங். பாலிமரைக் கரைத்து சிரிஞ்சில் ஏற்றி, ஊசிக்கு 10,000 முதல் 30,000 வோல்ட் கொடுப்பார்கள். ஊசிமுனைத் துளி கூம்பாக நீண்டு, அதிலிருந்து ஓர் இழை பீறிடும். காற்றில் சாட்டை மாதிரி சுழன்று, மெலிந்து, காய்ந்து, எதிரே இருக்கும் உலோகத் தகட்டில் படியும். தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லிசு. இது புது ஐடியாவும் இல்லை. ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் 1934-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

நம் தோலுக்குள் இருக்கும் கொலாஜன் இழைகளும் கிட்டத்தட்ட இதே சைஸ்தான். அதனால் புது செல்கள் சொந்த வீடு என்று நினைத்து ஒட்டி வளரும். காற்று போகும், கிருமி நுழைவது கஷ்டம். இழைக்குள்ளேயே மருந்தை வைத்து மெதுவாகக் கசியவிடலாம். சில வகை இழைகள் உடம்பிலேயே கரைந்துவிடும். காய்ந்துபோன காஸ் துணியைப் பிய்க்கும்போது உயிர் போகுமே, அந்தக் கொடுமை இல்லை.

அமெரிக்காவில் 'ரெஸ்ட்ராட்டா' என்ற பெயரில் இப்படி ஒரு கட்டு விற்பனைக்கே வந்துவிட்டது. ஆனால், பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்தில்தான். அதோடு, சர்க்கரை கட்டுக்குள் வராமல், புண்மேல் அழுத்திக்கொண்டே நடந்தால் எந்த நானோவும் காப்பாற்றாது.

அதனால் இன்றைக்கு ராத்திரி உங்க போனை எடுத்து, அப்பாவின் உள்ளங்காலை, விரலிடுக்கை போட்டோ எடுங்க. அவரால் குனிந்து பார்க்க முடியாத இடம் அது. சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ தெரிந்தால் காபித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காமல், காலையிலேயே டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றால் மட்டும் விடாதீங்க.