உங்களுக்குத் தெரியுமா? கடை வாசலில் ஐந்தடி வழி

சிங்கப்பூர் தேக்கா பகுதியின் பழைய கடைவீடுகளில் கீழே வியாபாரம், மாடியில் குடித்தனம். வாசலை ஒட்டி 'ஐந்தடி வழி' எனப்படும் கூரையிட்ட நடைவழி கடைக்குக் கடை தொடர்வதால் வெயிலிலும் மழையிலும் குடையில்லாமல் நடக்கலாம். இது தற்செயலான அழகல்ல, விதி! 1822-இல் பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குத் தந்த அறிவுறுத்தலில், ஒவ்வொரு கட்டடமும் குறிப்பிட்ட ஆழத்தில் தாழ்வாரம் விட வேண்டும், அது எந்நேரமும் பொதுவழியாகத் திறந்திருக்க வேண்டும் என்றார். நிலம் உரிமையாளருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் கடைக்காரர்கள் அங்கே சரக்கை அடுக்கினார்கள். 1888-இல் நகராட்சி அவற்றை அகற்றத் தொடங்கியபோது கலவரமே வெடித்தது. பெயர் ஐந்தடி என்றாலும் பல இடங்களில் அகலம் அதைவிட அதிகம்.