மூக்குப் புராணம் – 9: ஈன்ற பிறகு இரண்டு மணி நேரம்

மைட்ரல் செல், கிரானுல் செல், அவை இரண்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சினாப்ஸ் எல்லாம் போன இதழிலேயே வந்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். இந்த வாரம் பிரிஃபார்ம் புறணிக்குள் நுழைவதாகத்தான் பேச்சு. ஆனால் பக்கம் முழுவதையும் ஒரு செம்மறி மேய்ந்துவிட்டது.

குட்டி போடாத நாள்களில் செம்மறிக்குப் பனிக்குட நீரின் வாடையே ஆகாது. தீவனத்தில் கலந்து வைத்தால் வாய் வைக்காது. குட்டி வெளியே வந்து விழுந்த கணத்திலிருந்து அதே ஆடு அதே நீரை ஆவலோடு நக்குகிறது. பிரான்சில் தூர் நகருக்கு அருகே நூசிலி ஆய்வு மையத்தில் பிரெடெரிக் லெவி, பாஸ்கல் பொன்ட்ரோன் முதலியோர் பல ஆண்டுகள் இதைத் துருவிக்கொண்டிருந்தார்கள். நக்குகிற சாக்கில் தாய் தன் குட்டியின் வாசனையைப் படித்துக்கொள்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு வேறு குட்டி மடியைத் தேடி வந்தால் ஒரு முகர்வு, ஒரு முட்டு. அது பசியில் கத்தினாலும் இரக்கம் கிடையாது.

காரணம் இல்லாமலில்லை. மந்தையில் பல ஆடுகள் ஒரே பருவத்தில் ஈனும். குட்டிகளோ பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். ஆள்மாறாட்டத்துக்குக் கேட்பானேன்!

பிரிட்டன் மேய்ப்பர்கள் இந்த மூக்கை ஏமாற்றத் தெரிந்தவர்கள். செத்த குட்டியின் தோலை உரித்து, கால்கள் நுழையத் துளை விட்டு, தாயில்லாத குட்டிக்குச் சட்டையாக மாட்டிவிடுவார்கள். குட்டி மடியில் முட்டும்போது தாய் தலையைத் திருப்பி அதன் வாலடியை முகரும். சோதனைச்சாவடி அங்கேதான். வாடை சரியாக இருந்தால் நின்று பால் கொடுக்கும். சில நாள் கழித்துத் தோலைக் கழற்றிவிடுவார்கள்.

இன்னொரு தந்திரம் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. 1983-இல் கேம்பிரிட்ஜின் பேரி கெவர்ன், நூசிலியின் லெவி, பொன்ட்ரோன் உள்ளிட்ட குழுவினர், ஏற்கெனவே தன் குட்டியோடு ஒட்டிக்கொண்ட ஆட்டின் பிறப்புப் பாதையைக் கையால் தூண்டினார்கள். இன்னொரு பிரசவம் நடந்துவிட்டதாகவே அதன் மூளை எடுத்துக்கொண்டது. அந்நியக் குட்டியையும் சேர்த்துக்கொண்டது. தண்டுவடத்தில் மரத்துப்போக ஊசி போட்டால் கதை தலைகீழ்: முதல்முறை ஈனும் ஆடு பெற்ற குட்டியையே கண்டுகொள்ளாமல் நின்றுவிடக்கூடும்.

ஆக, மூக்கின் பாடத்துக்கு மணி அடிப்பது கருப்பை வாய். அது விரியும் சேதி தண்டுவடம் வழியே மூளைக்கு ஏற, முகர்குமிழில் நார்அட்ரினலினும் ஆக்சிடோசினும் கூடுகின்றன. சினாப்ஸ்கள் மாற இசைவது அந்த வேளையில்தான். கீத் கென்ட்ரிக், லெவி, கெவர்ன் மூவரும் 1992-இல் இதை அளந்தே காட்டினார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் பதிவுசெய்த மைட்ரல் செல்களுக்குத் தீவன வாசனையில்தான் நாட்டம். குட்டி வாடையைத் தனியே பொருட்படுத்திய செல் ஒன்றுகூட இல்லை. ஈன்ற பிறகு ஏறத்தாழ 60 விழுக்காடு செல்கள் குட்டி வாசனைக்குத் தாவிவிட்டன. அவற்றில் ஒரு பகுதி தன் குட்டியின் வாசனைக்கு மட்டும் தனிக் கவனம் கொடுத்தது.

சினாப்ஸில் நடந்தது என்ன? மைட்ரல் செல் குளுட்டமேட் அனுப்பும். கிரானுல் செல் பதிலுக்கு காபா அனுப்பி அதை அடக்கும். சொந்தக் குட்டியின் வாசனை வரும்போது இரண்டும் கூடுகின்றன, அடக்கும் காபா இன்னும் ஒரு படி அதிகமாக. அந்நியக் குட்டிக்கு இந்த மாற்றம் இல்லை. 1997-இல் நைட்ரிக் ஆக்சைடும் இதில் கூட்டாளி என்று தெரிந்தது. அதை உண்டாக்கும் நொதியைத் தடுத்தால், தாய் தன் குட்டியை வாசனையால் பிரித்தறியக் கற்றுக்கொள்வதில்லை.

கென்ட்ரிக் ஆட்டை அதோடு விடவில்லை. 50 ஆடுகளின் முகங்களைச் செம்மறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று 2001-இல் காட்டினார். ‘ஆட்டு மந்தை’ என்று சக மனிதரை ஏசுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். மூக்குத் தொடரில் முகத்துக்கு இடமில்லை என்பதால் அது இத்தோடு போதும்.

பிரிஃபார்ம் புறணிக்கு அடுத்த வாரமும் உறுதி சொல்வதற்கில்லை. லண்டனில் ஹில்டா புரூஸ் 1959-இல் வெளியிட்ட சுண்டெலிச் சங்கதி ஒன்று பாக்கி நிற்கிறது. இணைசேர்ந்த சில நாள்களுக்குள் வேற்று ஆணின் வாடை பட்டால் பெண் எலியின் கர்ப்பம் நிற்பதில்லை. இணைசேர்ந்த ஆணின் வாடையால் ஒன்றும் ஆவதில்லை. யார் அவன் என்பதை அந்த எலி எங்கே எழுதி வைத்திருக்கிறது?

(தொடரும்)