பழைய காரும் தகுதிப் பரிசோதனையும்

சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் நிறைந்த அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர்ப் பகுதிச் சாலைகளில் ஓடும் சொந்தக் காருக்கு, 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு 15 வருஷத்துக்கே செல்லும். அதன்பின் பரிசோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்.

அவ்வமயம் பழைய வண்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் தோஷங்கள் சிலவே: தேய்ந்த பிரேக் கட்டை, பிடிக்காத கைபிரேக், மங்கிய முகப்பு விளக்கு, எரியாத பிரேக் விளக்கு, ஆட்டங்கண்ட பால் ஜாயின்ட், ஓட்டை விழுந்த சைலன்சர், அடித்தளத்தில் ஏறிய துரு. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயரோ, சக்கரங்களின் நேரமைவு பிசகியதற்குச் சாட்சியாகும். புழுதி மிகுந்த பிரதேசத்தில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபட்டு, பெட்ரோல் முழுமையாக எரியாது புகை மிகும் என்பதும் ஸ்மரிக்கத்தக்கது.

மலிவு விலையில் மயங்கி, மேற்பூச்சின் பளபளப்பை மாத்திரம் நோக்கிப் பழைய கார் வாங்குவோர், முதலில் அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்துவிடுவதே உத்தமம். பரிசோதனை அதிகாரியின் திருப்திக்காக அல்லாமல், நம் குடும்பத்தின் பிராணனுக்காகவும், எதிரே வருவோரின் க்ஷேமத்துக்காகவும் இக்குறைகளை உடனே நீக்குவது ஒவ்வொரு வாகன உரிமையாளரின் கடமை.