எல்லாம் என்னாலதான்!

ஒரகடம் பக்கத்து கார் கம்பெனி ஒன்றில், அசெம்பிளி லைனில் ஒரு போல்ட் விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்தால் நல்ல குவாலிட்டி பிரிவு ஏற்றுக்கொள்ளாது. ஏன் விட்டுப்போனது? எண்ணிப் பார்க்க நேரமில்லை. ஏன் நேரமில்லை? லைன் வேகம் கூடியிருந்தது. ஏன் கூட்டினார்கள்? இப்படி ஐந்து முறை "ஏன்" கேட்க வேண்டும் என்பது டொயோட்டாவில் பிறந்து உலகமெங்கும் பரவிய வழக்கம். ஆளிடம் தொடங்கும் விசாரணை, வேலை நடக்கும் முறையில் போய் முடிய வேண்டும். எல்லா லைனிலும் அப்படி நடந்துவிடுவதில்லை. மெமோவோடு முடிகிற விசாரணைகளும் உண்டு. ஆனால் பாடம் என்னவோ அதுதான்.

இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கண்ணீரும் இருக்கிறது. ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகியோ ஷிங்கோ, 1961இல் யமடா எலக்ட்ரிக் நிறுவனத்துக்குப் போனார். ஒரு சிறிய சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். அவ்வப்போது ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் திட்டு, மன்னிப்பு, கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தவறு. ஷிங்கோ யாரையும் திட்டவில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சிறிய தட்டில் எடுத்து வையுங்கள், அதன் பிறகு பொருத்துங்கள் என்றார். தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறதி உடனே தெரிந்துவிடும். இத்தகைய ஏற்பாட்டை அப்போது 'முட்டாள்களுக்கான தடுப்பு' என்ற பொருளில் அழைத்து வந்தார்கள். 1963இல் அரக்கவா என்ற வாகன உடற்கூடு ஆலையில் மேலாளர் அந்தப் பெயரைச் சொல்லி விளக்கியபோது, அங்கு வேலை செய்த பெண் ஒருவர், "நான் அவ்வளவு முட்டாளாகவா இருந்திருக்கிறேன்?" என்று அழுதுவிட்டார். மறுநாள் வேலைக்கும் வரவில்லை. அதன் பிறகே 'தவறுத் தடுப்பு' என்ற பொருள் தரும் 'போகா யோகே' என்ற பெயரை ஷிங்கோ வைத்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஆலைகளில் இன்றும் புழங்கும் சொல் அது.

அந்தப் பெண்ணின் கேள்வியைக் கவனித்தால் ஒன்று புரியும். "ஒரு ஸ்பிரிங்கை மறந்துவிட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. தான் எப்படிப்பட்டவள் என்ற தீர்ப்புக்கே போய்விட்டார்.

உளவியலாளர் ரோனி ஜனோஃப்-புல்மன் 1979இல் பிரித்துக் காட்டியது இதைத்தான். "அன்று அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது" என்று செயலை நொந்துகொள்வது ஒரு வகை. "நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று தன்னையே நொந்துகொள்வது இன்னொரு வகை. கல்லூரி மாணவிகளிடம் அவர் ஆராய்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது இந்த இரண்டாவது வகைதான். முதல் வகைக்குப் பயன்கூட உண்டு. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு உடல் செயலிழந்த 29 பேரை அவரும் கமில் வோர்ட்மனும் 1977இல் ஆராய்ந்தார்கள். பிறரைப் பழித்தவர்களைவிட, தன்மேல் பழி போட்டுக்கொண்டவர்கள் நிலைமையை நன்றாகச் சமாளித்ததாகத் தெரிந்தது. என் செயலால் நடந்தது என்றால், செயலை மாற்றி இனி தடுத்துவிடலாம் என்ற பிடிமானம் கிடைக்கிறது. காரணமே இல்லாமல் எதுவும் நடக்கலாம் என்ற பயத்தைவிட, மனதுக்குப் பழி எளிதாக இருக்கிறது.

ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் தடத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இளம்பெண்கள். ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால், "நான் பக்கத்தில் இருந்திருந்தா…" என்று தொடங்குகிறது மனம். அப்பாவின் சர்க்கரை, பல வருடத்துப் பீடி, தொலைவில் இருக்கும் ஆஸ்பத்திரி எதுவும் கணக்கில் வருவதில்லை. லைனில் ஐந்து முறை "ஏன்" கேட்கக் கற்றவள், தன் விஷயத்தில் முதல் "ஏன்" முடிவதற்குள் பதில் எழுதிவிடுகிறாள்: "என்னாலதான்."

அவளுக்கு அந்தப் பதிலைப் பழக்கிக் கொடுத்தது யார்? மாடு செத்தாலும் வியாபாரம் நொடித்தாலும் "இவ காலடி எடுத்து வச்ச நேரம்" என்று மருமகளைக் காட்டும் வீடுகள் நம்மிடம் உண்டு. ராசியில்லாதவள் என்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவளிடம் போய், உனக்கு ஏன் இவ்வளவு குற்ற உணர்ச்சி என்று கேட்பது நியாயமே இல்லை.

தனிமையும் இதற்குத் துணை போகிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலை மறுபடி திறந்தது 2022 ஜனவரியில்தான். ஒருத்திக்கு மட்டும் வயிறு கெட்டிருந்தால், எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்திருப்பாள். நூற்றுக்கு மேல் என்றதும் கேள்வி அடுக்களைப் பக்கம் திரும்பியது.

இதே ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியதற்கும் காரணங்கள் தொலைவில் இருந்தன. வருமானவரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டிருந்தது. அதனால் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. லைனில் நின்றவர் யாரும் எதையும் மாற்றியிருக்க முடியாது. இருந்தும் இப்படி வேலை போன வீடுகளில், "அன்னிக்கே கவர்மெண்ட் பரீட்சை எழுதியிருக்கலாம்" என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. நடந்து முடிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருந்தது போலத் தோன்றும். மனதின் இந்தக் கோளாறை பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

தவறு செய்தவருக்குக் குற்ற உணர்ச்சி வருவது நல்லதே. மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் அது தூண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்ட பிறகும் அடங்காமல், தூக்கமும் பசியும் குறைந்து, நான் இருப்பதே பாரம் என்ற நினைப்பு வந்தால் அது குணக்கேடு அல்ல. அளவுக்கு மீறிய குற்ற உணர்ச்சி, மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு.

அந்த சிகிச்சையில் ஒரு பயிற்சி தருவார்கள். நடந்ததற்கான எல்லாக் காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். தன் பங்கைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முதலில் 100 என்று நினைத்தவருக்கு அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் சிறிய எண்ணாகவே இருக்கும். தனியாகச் செய்ய முடியாதவர்கள், டெலி-மனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 24 மணி நேர சேவை என்பதால், நைட் ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் அழைக்கலாம்.